தூரத்துப் பறவை, கையில் ஒரு போன்: டிஜிஸ்கோப்பிங் பற்றி வாசகர் கேள்விகள்

தூரத்துப் பறவைகளைப் பார்க்க உதவும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியின் ஐபீஸில், அதாவது நாம் கண் வைக்கும் இடத்தில், போனையோ கேமராவையோ வைத்துப் படம் எடுப்பதற்குத்தான் டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். 1999-ல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவைத் தன் ஸ்கோப்பில் வைத்து எடுத்த படங்களுக்குப் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. அந்த கேமராவில் இருந்தது 2 மெகாபிக்சல்தான். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போன் அதைவிடப் பலமடங்கு திறன் கொண்டது. ஆனாலும் எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதிக்குமேல் "படம் தெளிவாக வரவில்லை" என்பதாகவே இருக்கிறது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளிக்கரணையில் சாலையோரமாக நின்று பூநாரை, வாத்துகளைப் படம் எடுக்க ஸ்கோப் வாங்கப் போகிறேன். 20-60×65, 20-60×80 இரண்டையும் காட்டினார்கள். "60 மடங்கு பெரிதாகக் காட்டும், அதனால் எவ்வளவு தூரமானாலும் கவலையில்லை" என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? படம் எடுப்பது போனில்தான்.
— தாம்பரம் வாசகர்

20-60×65 என்றால் 20 முதல் 60 மடங்குவரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 65 மி.மீ. என்று பொருள். இதில் 60 என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் படங்களில் பத்துக்கு ஒன்பது 20-லிருந்து 30 மடங்குக்குள்தான் எடுக்கப்படும், எடுக்கப்படவும் வேண்டும்.

கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்து (சூரியன் பக்கம் திருப்பவே கூடாது) ஐபீஸிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். கண்ணாடி நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் மிதக்கும். போனுக்குக் கிடைக்கும் வெளிச்சம் முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. இப்போது 20-லிருந்து 60-க்குத் திருகுங்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் வட்டத்தின் அளவு கிடைக்கும். 65 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கில் 3.25 மி.மீ., 30 மடங்கில் 2.2 மி.மீ., 60 மடங்கில் 1.1 மி.மீ.

போனின் முதன்மை லென்ஸின் திறப்பு சுமார் 3 முதல் 4 மி.மீ. இருக்கும். 3 என்று வைத்துக்கொண்டால், 20 மடங்கில் போன் வாங்கக்கூடிய வெளிச்சம் முழுவதும் கிடைத்துவிடுகிறது. 30 மடங்கில் பாதி. 60 மடங்கிலோ எட்டில் ஒரு பங்குதான். 20 மடங்கில் 1/800 நொடியில் எடுத்த படத்தை 60 மடங்கில் அதே ஐ.எஸ்.ஓ.வில் (கேமரா ஒளியை உணரும் திறனின் அளவு) எடுக்க 1/100 நொடி வேண்டும். டிரைபாடின் அதிர்வும் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். வெளிச்சம் குறைவு, ஆட்டம் அதிகம், இரண்டும் சேர்ந்தால் பறவை பஞ்சுப்பொதிபோல வந்து நிற்கும்.

80 மி.மீ. ஸ்கோப்பில் 30 மடங்கில் 2.7 மி.மீ. வட்டம் கிடைக்கும். விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் எடை கூடும், அதைத் தாங்கும் டிரைபாடின் விலையும் கூடும். வண்டியை நிறுத்திவிட்டு இருபதடி நடந்து நிற்கப் போகிறீர்கள் என்றால் 80 வாங்கலாம். வரப்பிலும் ஏரிக்கரையிலும் மணிக்கணக்கில் தூக்கிக்கொண்டு நடப்பவர் என்றால் 65 போதும். தூக்க அலுத்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் 80-ஐவிட, தோளில் வந்து சேரும் 65 நல்லது.

அளவைவிட முக்கியம் கண்ணாடி. நிறம் பிரிந்து சிதறுவதைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடி அல்லது ஃப்ளோரைட் உள்ள 65, சாதாரணக் கண்ணாடி உள்ள 80-ஐ எப்போதும் தோற்கடிக்கும். வெள்ளைக் கொக்கின் கழுத்தோரம், நெடுங்கால் உள்ளானின் சிவந்த கால் ஓரம், இங்கெல்லாம் ஊதாவும் பச்சையுமாக ஒரு கோடு படிவது சாதாரணக் கண்ணாடியின் குறை. வெறும் கண்ணுக்கு அது பெரிதாக உறுத்தாது. படத்தில் பளிச்சென்று தெரியும், பிறகு அழிப்பதும் கடினம்.

கடையை விட்டு வெளியே வந்து, 100 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பெயர்ப்பலகையின் சின்ன எழுத்தை 20, 40, 60 மூன்றிலும் பாருங்கள். நல்ல ஸ்கோப்பில் ஃபோகஸ் ஒரே இடத்தில் 'டக்'கென்று உட்காரும். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அதை வாங்காதீர்கள். ஒரே மாடலிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். முடிந்தால் இரண்டு மூன்று ஸ்கோப்புகளை எடுத்துவைத்து ஒப்பிடுங்கள்.

வளைந்த ஐபீஸா நேரானதா என்று கேட்பீர்கள். போனுக்கு வளைந்ததே வசதி. திரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், டிரைபாடையும் தாழ்வாக வைக்கலாம், உயரம் வேறுபட்ட நாலுபேர் மாறி மாறிப் பார்க்கலாம். கார் சன்னலில் வைத்துப் பார்ப்பவருக்கு மட்டும் நேரானது.

போனை ஐபீஸில் பொருத்தும் அடாப்டர் வாங்கி மாட்டினேன். திரையின் நடுவில் வட்டமாகப் படம், சுற்றிலும் கறுப்பு. 3 மடங்கு ஜூம் செய்தால் மொத்தத் திரையும் இருட்டாகிவிடுகிறது. போனில் கோளாறா?
— மதுரை வாசகி

கோளாறு இல்லை. இரண்டும் வேறு வேறு விஷயம்.

கறுப்பு வட்டம் வருவது, போன் பார்க்கும் கோணத்தைவிட ஐபீஸ் காட்டும் கோணம் குறுகலாக இருப்பதால். போனின் முதன்மை லென்ஸ் மூலைக்கு மூலை 80 டிகிரி அளவுக்குப் பார்க்கும். 20-60 ஜூம் ஐபீஸ்கள் பலவும் 20 மடங்கில் 40 டிகிரி அளவுக்குத்தான் காட்டும். போனில் சுமார் 2 முதல் 2.3 மடங்கு ஜூம் செய்தால் கறுப்பு விலகிவிடும். ஸ்கோப்பை 25, 30-க்கு நகர்த்தினால் ஐபீஸின் கோணம் விரியும், போனில் அவ்வளவு ஜூம் தேவைப்படாது. 25 அல்லது 30 மடங்கில் நிலையான அகலக்கோண ஐபீஸ் உங்கள் ஸ்கோப்புக்குக் கிடைக்கும் என்றால் டிஜிஸ்கோப்பிங்குக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. அதில் 1.3 மடங்கு ஜூமிலேயே திரை நிறைந்துவிடும்.

திரை இருட்டாவது வேறு கதை. உங்கள் போனில் இரண்டு மூன்று லென்ஸ் இருக்கிறது. 3 மடங்கைத் தொட்டதும் போன் தானாக, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் டெலி லென்ஸுக்குத் தாவுகிறது. ஆனால் ஐபீஸுக்கு நேராக இருப்பது முதன்மை லென்ஸ். தாவிய லென்ஸ் ஐபீஸின் ரப்பர் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் இருட்டு. தாவும் அளவுக்குக் கீழேயே, 2.5 போல, நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லது லென்ஸைத் தேர்ந்தெடுத்துப் பூட்டவிடும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். ஐபோனின் புதிய ப்ரோ மாடல்களில் இன்னொரு தொல்லை உண்டு: அருகில் கண்ணாடியைக் கண்டதும் மேக்ரோ (மிக அருகிலிருந்து எடுக்கும் படம்) என்று நினைத்து அதி அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். அமைப்புகளில் மேக்ரோ கன்ட்ரோலை இயக்கிவைத்து, திரையில் பூ வடிவக் குறி வந்தால் தொட்டு அணையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பிறைபோல இருட்டு தெரிந்தால், லென்ஸ் நடுவில் இல்லை என்று அர்த்தம். பிறை தெரியாமல் வட்டம் மட்டும் மங்கி மங்கித் துடித்தால், போன் ஐபீஸுக்கு மிக அருகிலோ மிகத் தள்ளியோ இருக்கிறது. ஐபீஸின் ரப்பர் விளிம்பை முழுக்க உள்ளே இறக்கிவிட்டு, அரை அரை மில்லிமீட்டராக நகர்த்திப் பாருங்கள். அடாப்டருக்கு அடியில் ஓர் அட்டை வளையம் வைத்தாலே பலநேரம் சரியாகிவிடும்.

கோடியக்கரையில் காலை பத்து மணிக்குமேல் எடுத்த எல்லாப் படமும் மங்கல். ஸ்கோப்பை மாற்ற வேண்டுமா?
— வேதாரண்யம் வாசகர்

மாற்ற வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரின் உப்பளமும் சேற்றுவெளியும்தான் காரணம். வெயில் ஏறியதும் தரை சூடாகி, அதன்மேல் வெவ்வேறு சூட்டில் காற்று அலையலையாக எழுகிறது. ஸ்கோப் அந்த அலைகளையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. லட்ச ரூபாய் ஸ்கோப்பும் இதற்கு விலக்கில்லை. கானல் ஆடும்போது மடங்கைக் கூட்டுவது காசைக் கரியாக்குவது மாதிரி, நேரம்தான் வீண்.

எது மங்கலுக்குக் காரணம் என்று படத்திலேயே கண்டுபிடிக்கலாம். பறவையின் ஓரம் நெளிநெளியாக, படத்துக்குப் படம் வேறு வடிவத்தில் இருந்தால் கானல். எல்லா ஓரமும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் ஆட்டம். பறவை மங்கலாகவும் அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் பிசகு. எங்குமே எதுவும் கூர்மையில்லை, விடியற்காலையில் 30 மீட்டரில் வைத்த செய்தித்தாளும் தெளிவாக வரவில்லை என்றால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

விடிந்ததிலிருந்து எட்டரை மணிவரை, பிறகு மாலை நாலரைக்குமேல், இடையில் மேகம் மூடிய நேரம்: உங்கள் ஊரில் படம் எடுக்க இவ்வளவுதான் பொழுது. கரைமேலோ கண்காணிப்புக் கோபுரத்திலோ நின்றால் தரையை ஒட்டிய காற்றை அதிகம் ஊடுருவிப் பார்க்க வேண்டியிருக்காது. கட்டாயம் பதினொரு மணிக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் 20 மடங்கில் நின்று, தொடர்ச்சியாக முப்பது நாற்பது படம் எடுங்கள். காற்று ஓரிரு கணம் அடங்கும்போது விழுந்த ஒன்று தேறும்.

கடற்காற்றும் உங்களுக்கு எதிரி. டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே உயர்த்தாதீர்கள். மேலே உள்ள தடித்த கால்பகுதிகளை மட்டும் நீட்டி, மெலிந்த கீழ்ப்பகுதியை உள்ளேயே விட்டு, தாழ்வாக வையுங்கள். பையைத் தொங்கவிடுவதானால் அதன் அடிப்பக்கம் தரையில் படட்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை ஆட்டத்தைக் கூட்டிவிடும். டிரைபாடின் தலைப்பாகம் வீடியோவுக்கான, சீராக நகரும் ஃப்ளூயிட் ஹெட்டாக இருக்கட்டும், உருண்டை மூட்டில் திரும்பும் பால் ஹெட் வேண்டாம். ஸ்கோப், போன், அடாப்டர் மொத்த எடையைப்போல இருமடங்கு தாங்குமா என்று பாருங்கள். 65 மி.மீ. ஸ்கோப்புக்கு 2.5 கிலோ தாங்கும் பென்ரோ எஸ்2 வகை ஹெட் போதும். 80-க்கு 4 கிலோ தாங்கும் எஸ்4 வகை. போன் மாட்டியதும் எடை பின்பக்கம் சாயும். ஸ்கோப்பின் அடியில் மாட்டும் தட்டினை ஹெட்டில் முன்னோக்கித் தள்ளி, பூட்டாமல் கையை எடுத்தாலும் ஸ்கோப் அப்படியே நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

திரையைத் தொட்டுப் படம் எடுக்காதீர்கள். இருநூறு ரூபாய் ப்ளூடூத் பொத்தான் போதும்.

என்னிடம் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆரும் 18-55 லென்ஸும் இருக்கிறது. ஸ்கோப்பில் பொருத்தலாமா? அல்லது பெரிய ஜூம் கொண்ட நிக்கான் பி950 கேமராவை வாங்கிவிடலாமா?
— கோவை வாசகர்

18-55 சரிவராது. ஜூம் லென்ஸில் ஒளி நுழையும் இடம் கண்ணாடிக்கு வெகு உள்ளே இருக்கிறது. ஐபீஸின் ஒளிவட்டம் அவ்வளவு தூரம் எட்டாது, மூலைகள் இருண்டுவிடும். சிறிய, தட்டையான நிலை லென்ஸ் வேண்டும்: 40 மி.மீ. பேன்கேக், 50 மி.மீ. எஃப்/1.8 போன்றவை. லென்ஸை முழுத் திறப்பில் வையுங்கள். எஃப்/8 என்று குறுக்கினால் கூர்மை கூடாது, கறுப்பு மூலைதான் கூடும். உண்மையான எஃப் எண்ணை (குவியத்தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது; பெரிதானால் வெளிச்சம் குறைவு) தீர்மானிப்பது ஸ்கோப். 50 மி.மீ. லென்ஸும் 20 மடங்கும் சேர்ந்தால் குவியத்தூரம் 1000 மி.மீ. அதை 65-ஆல் வகுத்தால் எஃப்/15. நல்ல வெயிலிலேயே ஐ.எஸ்.ஓ.வைக் கூட்ட வேண்டியிருக்கும். கேமராவின் உள்கண்ணாடி எகிறும் அதிர்வைத் தவிர்க்க, பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் எடுக்க வேண்டும். எடையும் பின்பக்கம் தொங்கும். எங்கள் கருத்தில் அந்த கேமராவை இதில் இழுக்க வேண்டாம். சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவும் பானசோனிக் 20 மி.மீ. எஃப்/1.7 லென்ஸும் யாரிடமாவது இருந்தால் கதை வேறு: 20 மடங்கில் 400 மி.மீ., எஃப்/6 சுமார். ஸ்கோப்புக்குப் பொருத்தமான ஜோடி அது. சோனி ஆர்எக்ஸ்100 என்ற சிறிய கேமரா வாங்குவோர் முதல் ஐந்து பதிப்புகளில் ஒன்றைத் தேடுங்கள். 6, 7-ஆம் பதிப்புகளில் ஜூம் 200 மி.மீ.வரை நீண்டுவிட்டதால் மூலை இருட்டு அதிகம்.

பி950 பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். படம் மட்டுமே நோக்கம் என்றால் அதை வாங்குங்கள். 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் அதன் லென்ஸ் 2000 மி.மீ.க்கு இணையானது. உண்மையான குவியத்தூரமான 357 மி.மீ.யை அதன் எஃப் எண் 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. திறப்பு, ஒரு சின்ன ஸ்கோப்புக்குச் சமம். தானியங்கி ஃபோகஸ் உண்டு, கையிலேயே பிடித்து எடுக்கலாம், எழும்பிப் பறக்கும் பறவையையும் ஓரளவு பிடிக்கும். மணிக்கணக்கில் கண் வைத்துப் பறவைகளைப் பார்க்க வேண்டும், எண்ண வேண்டும், வீட்டார்க்கும் மாணவர்க்கும் காட்ட வேண்டும், கூடவே படமும் வேண்டும் என்றால் ஸ்கோப்தான். மின்னணுத் திரையில் அரைமணி நேரம் பார்த்தால் கண் கெஞ்சும். நல்ல ஸ்கோப்பில் அது நடக்காது.

அடாப்டர் விலை அதிகமாக இருக்கிறது. வீட்டிலேயே செய்ய முடியுமா?
— திருநெல்வேலி வாசகர்

தாராளமாக. பலநேரம் கடையில் வாங்குவதைவிட உறுதியாகவும் அமையும், ஏனென்றால் அது உங்கள் போனுக்கும் உங்கள் ஐபீஸுக்கும் மட்டுமானது.

தேவை: உங்கள் போனின் கெட்டியான பிளாஸ்டிக் பின்னட்டை, 63 மி.மீ. பி.வி.சி. குழாய்த்துண்டு, பழைய சைக்கிள் டியூப், ஒரு ஹோஸ் கிளிப், அரால்டைட் பசை. முதலில் ஐபீஸின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள். 63 மி.மீ. குழாயின் உள்விட்டம் 58, 59 சுமார் இருக்கும், குழாயின் தடிமனைப் பொறுத்து மாறும். ஐபீஸ் 54 மி.மீ. என்றால் இடைவெளியை டியூப் ரப்பர் அடைத்துவிடும்.

குழாயை 35 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையைத் தரையில் உப்புத்தாள் விரித்து வட்டமாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். இந்த முனைதான் அட்டையில் ஒட்டப்போகிறது. சாய்வாக இருந்தால் படத்தில் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல். மறுமுனையில் 20 மி.மீ. ஆழத்துக்கு நான்கு பக்கமும் வெட்டுக் கொடுங்கள், கிளிப் இறுக்கும்போது வளைந்துகொடுக்க.

அவசரப்பட்டு ஒட்டக் கூடாது. ஸ்கோப்பை டிரைபாடில் வைத்து, குழாயை ஐபீஸில் செருகி, போனை அட்டையோடு அதன்மேல் வைத்து, கேமராவை இயக்கித் திரையைப் பார்த்தபடியே நகர்த்துங்கள். வட்டம் நடுவில் வந்ததும் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அட்டையில் குழாயின் ஓரத்தைக் கூரான மார்க்கரால் வரையட்டும். பிறகு ஸ்கோப்பிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி, தனியே ஒட்டுங்கள். ஐபீஸில் செருகியபடியே பசை தடவினால் ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்தாலும் போச்சு. ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். குழாயின் உள்பக்கத்துக்கு மங்கல் கறுப்பு பெயிண்ட் அடிக்க மறக்காதீர்கள். வெள்ளை பி.வி.சி. உள்ளே ஒளியைத் தெறிக்கவிட்டுப் படத்தை வெளிறச் செய்யும்.

வண்டியில் போகும்போது போனை ஸ்கோப்பிலேயே மாட்டி வைக்காதீர்கள். பசை வெயிலில் இளகும்.

மன்னாரில் இருக்கிறேன். வங்காலைப் பக்கம் அடிக்கடி போவேன். உப்புக்காற்று ஸ்கோப்பைக் கெடுக்குமா?
— மன்னார் வாசகர்

கெடுக்கும், கவனிக்காவிட்டால். நைட்ரஜன் நிரப்பி அடைத்த, நீர் புகாத ஸ்கோப்பையே வாங்குங்கள். திரும்பி வந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பையும் டிரைபாட் மூட்டுகளையும் துடையுங்கள். கண்ணாடியை முதலில் ஊதுபந்தால் ஊதி, மணலும் உப்பும் போன பிறகுதான் துணி வைக்க வேண்டும். தோல் பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்துப் போனால் வெளியே வந்ததும் வியர்க்கும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

வெள்ளைக் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகவே வருகிறது.
— செங்கல்பட்டு வாசகி

போன், சுற்றியுள்ள இருண்ட தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பறவையின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பிறகு வெளிச்சக் குறியைக் கீழே இழுத்து, இறகின் வரிகள் தெரியும்வரை, சுமார் முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), குறையுங்கள். பூட்டிய பின் கூர்மையைச் சரிசெய்வது ஸ்கோப்பின் சக்கரத்தில் மட்டுமே. போனும் ஸ்கோப்பும் ஒரே நேரத்தில் ஃபோகஸ் தேடினால் எதுவும் நிலைக்காது.

காலில் வளையமும் கொடியும் மாட்டிய உள்ளான்களைப் பார்த்தேன். எழுத்தைப் படிக்கும்படி எடுப்பது எப்படி?
— தூத்துக்குடி வாசகர்

டிஜிஸ்கோப்பிங்கின் மிகப் பயனுள்ள வேலை இதுதான். கிட்டே போனால் பறந்துவிடும் பறவையின் வலசைக் கதையை, கிட்டே போகாமலே படித்துவிடலாம். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் அடையாளம் காணப்பட்டதும் பட்டையில் இருந்த எழுத்தை யாரோ பொறுமையாகப் படித்ததால்தான்.

படத்தைவிட வீடியோ நல்லது. 4கே வீடியோவின் ஒவ்வொரு சட்டமும் (ஃப்ரேம்) 8 மெகாபிக்சல் படம். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் எடுங்கள். உள்ளான் சேற்றில் நடக்கும்போது கொடி திரும்பித் திரும்பி வரும், ஏதோ ஒரு சட்டத்தில் எழுத்து நேராக விழும். மடங்கைக் கூட்டலாமா என்றால், இந்த ஒரு வேலைக்கு மட்டும் காலை வெளிச்சத்தில் 40 வரை போகலாம்.

எழுத்து தெரியாவிட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கால் (பறவையின் இடமா வலமா), மூட்டுக்கு மேலா கீழா, கொடிகளின் நிறம் மேலிருந்து கீழாக எந்த வரிசையில். வானியல் தொலைநோக்கியைப் பயன்படுத்துபவர் கவனிக்க வேண்டும்: அதன் ஐபீஸுக்கு முன்னால் ஒளியைத் திருப்பிவிடும் சாய்வுக் கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டும், எழுத்து கண்ணாடிப் பிம்பமாகப் படிந்திருக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் அந்தச் சிக்கல் இல்லை. இடம், தேதி, நேரத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடும் வேலையைச் செய்துவருவது அவர்கள்தான்.

வீடியோ எடுக்கும்போது கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே நேரத்தில் தலை தூக்கினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். டிரைபாடைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்வாங்கி, பறவைகள் மறுபடி மேயத் தொடங்கும்வரை காத்திருந்து, அங்கிருந்தே தொடருங்கள்.